சட்டைப் பையில் அடங்கும் பைனாகுலர்: குறைந்த பணத்தில் எதை வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 61. காலையில் நடக்கப் போகும்போது வழியில் பறவைகளைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பையில் அடங்குகிற ஒரு சின்ன பைனாகுலர் வேண்டும், ஆனால் இதற்கென்று ஒதுக்கியிருக்கும் பணம் குறைவு. போன வருடம் 30×60 என்று எழுதியிருந்த ஒன்றை மலிவாக வாங்கினேன். ஐந்து நிமிடம் பார்த்தாலே நெற்றி வலிக்கிறது, அதனால் அலமாரியில் கிடக்கிறது. இப்போது 8×21, 8×25, 10×25, 12×25 என்று பலவற்றைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன். மூக்குக் கண்ணாடி போடுகிறேன். எட்டு வயதுப் பேத்தியும் கேட்பாள். எதை வாங்கலாம்?

பதில்:

முதலில் அந்த நெற்றி வலியைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இருபது வருடத்துக்கு மேலாக பைனாகுலர்களைப் பிரித்துச் சரிசெய்வதுதான் என் வேலை. "பார்த்தால் தலை வலிக்கிறது" என்று சொல்லி மேசைமேல் வைக்கப்படுகிற பைனாகுலர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதிதான்: இரண்டு குழல்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. போன மாதம்கூட ஒன்றைத் திறந்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். உள்ளே பிரிசம் என்கிற கண்ணாடிக் கட்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டிலில் உட்கார்ந்திருந்தது, அதைப் பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு சொட்டு பசை, அவ்வளவுதான். பசை ஒரு பக்கம் விட்டுப்போய், விரல் நுனியால் தொட்டாலே கட்டி ஆடியது. முடி அளவு அது சாய்ந்தால் போதும், வலது கண் மரத்தின் கிளையைப் பார்க்கும்போது இடது கண் அதற்குக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் மூளை இதை லேசில் ஒப்புக்கொள்ளாது. இரண்டு படத்தையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிக் காட்டும், அதனால் படம் இரண்டாகத் தெரியாது, தெரிகிற அளவுக்குச் சாய்வு இருந்தால் நீங்களே கடையில் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் அப்படி இழுத்துப் பிடிக்கிற வேலையைச் செய்வது கண்ணைச் சுற்றியிருக்கிற தசைகள். மூக்கை நோக்கி உள்ளே திரும்புவது அவற்றுக்குப் பழக்கம், புத்தகம் படிக்கும்போது அதைத்தான் செய்கின்றன. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று பிரிவது அவற்றுக்குப் பழக்கமே இல்லாத வேலை. ஐந்து நிமிடத்தில் நெற்றியும் புருவமும் வலிப்பது அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தூரத்தில் படுக்கையாக இருக்கிற ஒரு கோடு, மொட்டை மாடிச் சுவரின் விளிம்போ மின்கம்பியோ, அதை பைனாகுலரில் பாருங்கள். அப்புறம் கருவியை அசைக்காமல் முகத்திலிருந்து மெதுவாக ஒரு சாண் தூரத்துக்கு விலக்குங்கள். இப்போது இரண்டு சின்ன வட்டங்கள் தெரியும், இரண்டிலும் அந்தக் கோடு இருக்கும். இடது வட்டத்தில் இருக்கிற கோடு அப்படியே நேராக வலது வட்டத்திலும் தொடர்ந்தால் சரி. ஒன்றில் மேலேயும் ஒன்றில் கீழேயுமாகப் படிக்கட்டு மாதிரி நின்றால் அந்த பைனாகுலரை வாங்காதீர்கள், ஏற்கெனவே வாங்கியதாக இருந்தால் அதைக் கொண்டு பேத்திக்குப் பழக்கிவிடாதீர்கள். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. என்ன பெயர், என்ன விலை என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

அடுத்து அந்த 30×60. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஒரு அடிக்கோலை எடுத்து உங்கள் பைனாகுலரின் முன் லென்ஸை அளந்து பாருங்கள். கையில் அடங்குகிற கருவியில் 60 மி.மீ. லென்ஸ் இருக்க இடமே இல்லை, இரண்டு பக்கமும் சேர்ந்தால் 12 செ.மீ. அகலம் லென்ஸுக்கே போய்விடும். அனேகமாக 22 அல்லது 25 என்று வரும். முதல் எண்ணையும் கண்டுபிடிக்கலாம். பைனாகுலரை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். கண் லென்ஸின் நடுவில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு மிதப்பது தெரியும். அதன் குறுக்களவை அடிக்கோலால் அளந்து, முன் லென்ஸின் அளவை அதால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் கிடைத்துவிடும். முன் லென்ஸ் 22, பொட்டு 3 என்றால் ஏழு மடங்கு சொச்சம், முப்பது எங்கே போயிற்று? நீங்கள் ஏமாந்ததற்கு வருத்தப்பட வேண்டாம், நிறையப் பேரை ஏமாற்றுவதற்கென்றே அந்த எண்ணை அச்சடிக்கிறார்கள், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி ஒழுங்கான எண்களுக்கு வருவோம். நீங்கள் சொன்ன நான்கில் 8×25-ஐ எடுங்கள் என்பதுதான் என் பதில், ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஒளிப்பொட்டுக்குத் திரும்பிப் போவோம். முன் லென்ஸில் விழுந்த வெளிச்சமெல்லாம் அந்தப் பொட்டு வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது. அதன் அளவு, இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் வருவது. 8×25-க்கு 3.1 மி.மீ., 10×25-க்கு 2.5, 8×21-க்கு 2.6, 12×25-க்கு 2.1. நல்ல வெயிலில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும், ஆகவே வெளிச்சக் கணக்கில் பார்த்தால் பகலில் எதுவும் போதும் என்று தோன்றும். ஆனால் பொட்டு கண்மணியை விடச் சிறியதாகவோ ஏறக்குறைய அதே அளவாகவோ இருந்தால், கண்ணை மிகச் சரியான இடத்தில் வைத்தாக வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் பாதிப் படம் கறுத்துவிடும். நடந்துகொண்டே இருக்கும்போது ஒரு மரங்கொத்தி தட்டுகிற சத்தம் கேட்டு சட்டென்று எடுத்துக் கண்ணில் வைக்கிறீர்கள், மூச்சு கொஞ்சம் வாங்குகிறது, கை நிலையாக இல்லை. அந்த நேரத்தில் 2.1 மி.மீ. பொட்டைக் கண்மணிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் பறவை போய்விடும். 3 மி.மீ. என்றால் கண் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்தில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், கையில் எடுத்துப் பார்த்தால் வேறு வேறு கருவிகள்.

கை நடுக்கமும் இதே கதைதான். பத்து மடங்கு பறவையைப் பெரிதாக்குகிற கருவி உங்கள் கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். பெரிய பைனாகுலரில் எடை இருக்கும், அந்த எடையே நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். 300 கிராம் எடையுள்ள சின்னக் கருவிக்கு அந்த உதவியும் கிடையாது. அதனால்தான் 10×25-ல் பறவை பெரிதாகத் தெரிந்தும் சிறகில் இருக்கிற கோடு தெரியாமல் போகிறது, 8×25-ல் கொஞ்சம் சிறிதாகத் தெரிகிற அதே பறவையின் கோட்டை எண்ணிவிடலாம். அதோடு எட்டு மடங்கில் பார்க்கும் பரப்பு அகலமாக இருக்கும். 8×25-களில் 6 டிகிரிக்கு மேல் சாதாரணமாகக் கிடைக்கும், 10×25-களில் பெரும்பாலும் 5 டிகிரியை ஒட்டி. இலைக்குள் துள்ளிக்கொண்டிருக்கிற சின்னக் குருவியைத் தேடிப் பிடிக்க இந்த அகலம்தான் கைகொடுக்கும். ஃபோகஸ் விஷயத்திலும் எட்டு மடங்குக்குத்தான் லாபம்: பறவை ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவினால் ஒவ்வொரு முறையும் சக்கரத்தைத் திருக வேண்டியிருக்காது.

இந்தப் பரப்பைச் சிலர் டிகிரியில் போடுவார்கள், சிலர் 1000 மீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். ஒரு டிகிரி என்றால் 17.5 மீட்டர், ஆகவே 6.5 டிகிரி என்பதும் 114மீ/1000மீ என்பதும் ஒன்றுதான். இதைப் பார்த்து ஆயிரம் மீட்டர் வரை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்களிலேயே உண்டு. "இத்தனை மீட்டர் வரை தெரியும்" என்று எந்த பைனாகுலருக்கும் எல்லை கிடையாது, நிலா கூடத்தான் தெரிகிறது.

உங்கள் வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளம் வயதில் இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், அறுபதை ஒட்டி பலருக்கு 5-ஐத் தாண்டுவதே அரிது. அதனால் அந்திக்கென்று பெரிய லென்ஸ் உள்ள கனமான கருவிக்காக நீங்கள் ஏங்க வேண்டியதில்லை, அதன் முழு வெளிச்சமும் உங்களுக்கு வந்து சேராது. ஆனாலும் 25 மி.மீ. லென்ஸ் விடியலின் முதல் இருபது நிமிடமும் பொழுது சாய்ந்த பிறகும் சோர்ந்துதான் போகும், அதை நான் மறைக்கப் போவதில்லை. நீங்கள் வெளிச்சம் வருமுன்பே நடக்கக் கிளம்புகிறவர் என்றால் 8×30 அல்லது 8×32-ஐப் பாருங்கள். 25-க்கும் 32-க்கும் எண்ணில் வித்தியாசம் கொஞ்சம் மாதிரித் தெரியும், பரப்பில் பார்த்தால் 32 மி.மீ. லென்ஸ் 1.6 மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது. எடை அரைக் கிலோவை ஒட்டி வரும். சட்டைப் பையில் அடங்காது, தோள்பையில் அடங்கும். அப்புறம் பெட்டியில் "ட்விலைட் ஃபாக்டர்" என்று ஓர் எண் இருக்கும், அதை நம்பி அந்திக்கு நல்லது எது என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதுதான் அது, அந்தக் கணக்கின்படி 10×25 என்பது 8×25-ஐ விட அந்தியில் மேல் என்று வரும். கண்ணில் வைத்துப் பார்த்தால் நேர்மாறாக இருக்கும்.

மூக்குக் கண்ணாடி. இதில்தான் சின்ன பைனாகுலர்கள் அதிகமாகக் காலை வாரும். கண் லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளிக் கண்ணை வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்று ஓர் அளவு உண்டு, ஐ ரிலீஃப் என்று பட்டியலில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டவருக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும். சின்னக் கருவிகளில் பல 10 அல்லது 12-ல் நின்றுவிடும், அப்போது சாவித் துவாரத்தின் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும்தான் தெரியும். பார்க்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள ரப்பரை மடித்தோ திருகி உள்ளே இறக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் பாதி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் இதில் பணம் மிச்சமாகிற ஒரு வழி இருக்கிறது. உங்கள் கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்தான் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், ஃபோகஸ் சக்கரமே அந்த பவரை ஈடுகட்டிவிடும். சிலிண்டர் என்ற கட்டத்தில் ஓரளவு பெரிய எண் இருந்தால் அது முடியாது, அந்தக் குறையை எந்த பைனாகுலரும் சரிசெய்யாது, கண்ணாடியோடுதான் பார்த்தாக வேண்டும். படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுகிறவர் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். ஆகவே 15 மி.மீ. உள்ள கருவிக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன்னால், அது உங்களுக்கு வேண்டுமா என்பதை அந்தச் சீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கலாம், ஏனென்றால் குறைந்த பணத்தில் வாங்கும்போது இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிரிசம் வைக்கிற முறை இரண்டு. இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854-ல் காப்புரிமை வாங்கிய போரோ முறை ஒன்று, தோள் புடைத்த பழைய பைனாகுலர்களில் பார்த்திருப்பீர்கள். மற்றது ரூஃப் முறை, குழல் நேராக ஒல்லியாக இருக்கும். இன்று கடையில் அழகாகத் தெரிவதெல்லாம் இரண்டாவது வகைதான். ஆனால் ரூஃப் பிரிசத்தில் வெளிச்சம் இரண்டு பாதியாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது, சேரும்போது ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல் படத்தின் கூர்மை மங்கும். அதைச் சரிசெய்ய ஒரு தனிப் பூச்சு வேண்டும், ஃபேஸ் கோட்டிங் என்பார்கள், ட்சைஸ் நிறுவனம் 1988-ல்தான் அதைக் கொண்டுவந்தது. போதாததற்கு அந்தப் பிரிசத்தின் ஒரு முகத்துக்குக் கண்ணாடிபோல ரசமும் பூச வேண்டும், மலிவானவற்றில் அலுமினியம் பூசுவார்கள், அது பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும். போரோ முறைக்கு இந்தப் பூச்சு இரண்டுமே தேவையில்லை.

இதனால் வருவது என்னவென்றால், ஒரே விலையில் ஒரு ரூஃப் கருவியும் ஒரு போரோ கருவியும் இருந்தால், விலை குறைவாக இருக்கிற வரைக்கும் போரோதான் நன்றாகக் காட்டும். சின்ன அளவிலும் போரோ கிடைக்கிறது. முன் லென்ஸ்கள் இரண்டும் நெருங்கி, கண் வைக்கிற பக்கம் அகன்று, பழைய பைனாகுலரைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும், ரிவர்ஸ் போரோ என்று பெயர். சட்டைப் பையில் கொஞ்சம் புடைக்கும், பெரும்பாலும் மழை தாங்காது, பார்க்கவும் சுமாராகத்தான் இருக்கும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் பணத்துக்கு முதலில் தேட வேண்டியது இந்த வகையில் ஒரு 8×25. ஃபேஸ் கோட்டிங் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிற ரூஃப் கருவி உங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், எழுதவில்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். ஒரு குழலுக்குள் குறைந்தது பத்து முகம் என்று வைத்துக்கொண்டால் கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது 66 பங்குதான். நல்ல பலவடுக்குப் பூச்சு இருந்தால் ஒரு முகத்தில் அரைப் பங்குதான் போகும், 95 வந்து சேரும். காணாமல் போன வெளிச்சம் சும்மா போய்விடுவதும் இல்லை, குழலுக்குள்ளேயே முட்டி மோதிப் படத்தின் மேல் ஒரு வெண்புகை மாதிரிப் படிந்துவிடும், கறுப்புக் காக்கை சாம்பல் நிறமாகத் தெரியும். இப்படி வெளிச்சம் திரும்பாமல் தடுக்கிற பூச்சைக் கண்டுபிடித்து 1935-ல் காப்புரிமைக்குக் கொடுத்தவர் அலெக்சாண்டர் ஸ்மகுலா, அவரும் ட்சைஸில்தான் இருந்தார். பெட்டியில் "கோட்டட்" என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு முகத்தில் ஒரு பூச்சு. "மல்டி கோட்டட்" என்றால் சில முகங்களில் பல அடுக்கு. "ஃபுல்லி மல்டி கோட்டட்" என்றால்தான் எல்லா முகங்களிலும் பல அடுக்கு. ஒரு வார்த்தைதான் கூட, ஆனால் அந்த வார்த்தைக்குப் பணம் கொடுக்கலாம். விளக்கு வெளிச்சத்தில் முன் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தாலும் தெரியும்: உள்ளே தெரிகிற விளக்கின் பிம்பங்கள் மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் நல்லது, பளிச்சென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அந்த முகம் வெறும் கண்ணாடி. மாணிக்கம் மாதிரி சிவப்பாக மின்னுகிற லென்ஸைத் தொடவே வேண்டாம், சிவப்பு வெளிச்சத்தை அது வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது, உள்ளே எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூம் பைனாகுலர் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஜூம் ஆவது மலிவுக் கருவியில் நடக்காது, மறுபடி நெற்றி வலிதான். ஃபோகஸ் சக்கரமே இல்லாமல் "எப்போதும் தெளிவு" என்று விற்பதும் வேண்டாம். இ.டி. என்கிற தனி வகை லென்ஸ் கண்ணாடி நல்ல விஷயம், ஓரங்களில் ஊதாக் கோடு வருவதைக் குறைக்கும், ஆனால் எட்டு மடங்குச் சின்னக் கருவியில் அதற்காகப் பூச்சை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அவசியமில்லை. கேமரா உள்ளே வைத்தது, இரவிலும் தெரியும் என்று பச்சை லென்ஸ் போட்டது, இதெல்லாம் உங்கள் பணத்துக்குள் ஒழுங்காக இருக்கவே முடியாது.

பெயர் ஒன்று சொல்லச் சொன்னால், வண்ணத்துப்பூச்சி, தும்பி, பூவில் வந்து உட்காருகிற தேனீ இதெல்லாமும் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். ரிவர்ஸ் போரோதான். அரை மீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட அது ஃபோகஸ் செய்யும், மற்றவை பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டரில் நின்றுவிடும். உங்கள் காலடியில் இருக்கிற பூச்சியின் கூட்டுக்கண்ணை இரண்டு கண்ணாலும் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். ஒளிப்பொட்டு 3.2 மி.மீ., கையும் ஆடாது. தூரத்துப் பறவைக்கு உருப்பெருக்கம் கொஞ்சம் போதாது, மழையில் நனையக் கூடாது, இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

புதிதாக எதுவுமே பணத்துக்குள் வரவில்லை என்றால் பழையது வாங்கலாம். நன்றாக வைத்திருந்த பழைய 8×30 போரோ ஒன்று, புதிய மலிவுச் சின்னக் கருவிகள் பலவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் வாங்குமுன் ஒரு டார்ச்சை முன் லென்ஸ் வழியாக அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை இழையாகத் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள், துடைத்தாலும் பூச்சை அரித்த தடம் போகாது. மின்கம்பிச் சோதனையையும் மறக்க வேண்டாம். இன்னொரு வழி ஒற்றைக் குழல், மோனாகுலர். கண்ணாடி பாதிதான், அதனால் அதே பணத்துக்கு ஒரு படி மேலான தரம் கிடைக்கும், இரண்டு குழலும் ஒத்துப்போகாத தொல்லையே இல்லை. ஆனால் அரை மணி நேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பறவை பார்ப்பது சுகமாக இருக்காது, அதனால் இதைக் கடைசியில்தான் சொல்வேன்.

கடையில் வாங்கினால் வாசலுக்கு வந்து வெளியே பார்க்க அனுமதி கேளுங்கள், கடைக்குள் குழல் விளக்கில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வரவழைத்து வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் உண்டு என்று முதலில் பார்த்துக்கொண்டு, வந்த அன்றே சோதித்துவிடுங்கள். முதலில் மின்கம்பி. அப்புறம் வானத்தைப் பார்த்துப் பிடித்து அந்த ஒளிப்பொட்டு. அது முழு வட்டமாக இருந்தால் நல்லது, நாலு பக்கமும் சீவிவிட்ட மாதிரிச் சதுரமாகத் தெரிந்தால் பிரிசத்தில் மலிவான பிகே-7 கண்ணாடி, ஓரம் இருட்டும், பேக்-4 என்கிற மேலான கண்ணாடி என்றால் பொட்டு வட்டமாக இருக்கும். அப்புறம் ஃபோகஸ் சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள், திருப்பும்போது கொஞ்சம் தூரம் சும்மா சுற்றிவிட்டுப் பிறகு பிடித்தால் அது நாளாக ஆக மோசமாகும். கடைசியாகப் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். உங்கள் நெற்றியை விட நல்ல சோதனைக் கருவி என்னிடமும் இல்லை.

கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வதை மட்டும் ஒரு முறை பொறுமையாகச் செய்துவிடுங்கள். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடி, இரண்டு கண்ணையும் திறந்தபடியே, நடுச் சக்கரத்தைத் திருகி ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கிற வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் எங்கே நிற்கிறது என்று ஒரு பேனாப் புள்ளி வைத்துக்கொண்டால் பேத்தி திருகிவிட்டாலும் கவலையில்லை. பார்க்கும்போது முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பறவையை வெறும் கண்ணால் பிடித்துவைத்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்குங்கள்.

நைட்ரஜன் நிரப்பி அடைத்த, தண்ணீர் புகாத கருவி கிடைத்தால் நல்லதுதான், கிடைக்காவிட்டால் மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை வராது. தோலுறையில் அடைத்து அலமாரிக்குள் வைக்காதீர்கள், ஈரத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதும் பல்பால் ஊதிவிட்டு அப்புறம்தான் துணி. சட்டை நுனியால் துடைத்த லென்ஸ்களை என் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன், மணல் துகள் இழுத்த கோடு வட்டவட்டமாக இருக்கும், அதற்கு மருந்தே கிடையாது.

பேத்திக்கு வருவோம். எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம் சுமாராக 50 முதல் 55 மி.மீ. இருக்கும், பல பெரிய பைனாகுலர்கள் 56-க்குக் கீழே மடங்காது. நடுவில் இரண்டு கீல் உள்ள சின்னக் கருவிகள் அதைவிடக் குறுகலாக மடங்கும், ஒவ்வொரு முறையும் விரித்துச் சரிசெய்வது உங்களுக்குக் கொஞ்சம் தொந்தரவு என்றாலும் இருவரும் சேர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதையே எடுங்கள். வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு அடிக்கோலை மூக்கின் மேல் வைத்து அளந்துகொண்டு போனாலும் சரி. சூரியன் இருக்கிற பக்கம் திருப்பவே கூடாது என்பதைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஒரு நொடி போதும் கண் போக. வார் கழுத்தில் இருக்கட்டும். பகலில் பறவையைப் பிடிக்க அவளுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், அதனால் முதலில் வளர்பிறையில் அரை நிலா நாளில் மாலையில் சுவரில் முழங்கையை ஊன்றி நிலாவைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் குழிகள் தெரியும், எட்டு மடங்கே அதற்குப் போதும்.